பிள்ளைக் காம்பராவுக்கு ஒரு குழாய்

ஆடி மாதத்தில் புதுப்பெண்ணை மாப்பிள்ளையிடமிருந்து பிரித்து அம்மா வீட்டுக்கு அனுப்புவது எங்கள் பக்கத்து வழக்கம். என் விஷயத்தில் அந்த வழக்கம் முப்பத்து நான்கு வருஷம் தாமதமாக வந்து சேர்ந்தது. வந்தது ஓர் ஆடியோடு நிற்கவும் இல்லை. என் பெண்டாட்டி பாவாத்தாள் வால்பாறைக்குப் போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.

போனது மூன்று மாதத்துக்குத்தான். அவளுடைய சித்தி மகள் ராசாத்தாள் அங்கே ஓர் எஸ்டேட்டில் தேயிலை பறிக்கிறவள். பறிக்கப் போகும் பெண்கள் கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போக ஒரு நீளமான அறை இருக்கும். பிள்ளைக் காம்பரா என்பார்கள். அதன் ஆயா பிரசவத்துக்குப் போகிறாள், மாற்று ஆள் வேண்டும் என்று ராசாத்தாள் சொல்லியனுப்பினாள். நான் வேலை பார்த்த மில் அப்போதுதான் மூடியிருந்தது. எங்களுக்குப் பிள்ளையும் கிடையாது. பாவாத்தாள் ஒரு தகரப்பெட்டியில் நாலு சேலையை வைத்துக்கொண்டு, "சித்திரைக்கு வந்தர்றனுங்க" என்று பஸ் ஏறினாள். பிரசவத்துக்குப் போன ஆயா திரும்பி வரவேயில்லை. அவளையும் குற்றம் சொல்ல முடியாது. இரட்டைப் பிள்ளை.

நான் சிங்காநல்லூரில் ஒரு நூல் மில்லில் இருபத்தெட்டு வருஷம் பாய்லர் பார்த்தவன். என் பாய்லரின் சங்கை ஊதினால் கருமத்தம்பட்டியில் தறிக்காரர்கள் சாப்பாட்டுக்கு எழுந்துவிடுவார்கள். தறி முதலாளிகள் வேன் வைத்துக்கொண்டு வந்து சண்டை போட்டார்கள். சரியென்று சங்கை மேற்கே திருப்பி வைத்தேன். மதுக்கரையில் ஒரு ஷிப்டு அரைமணி நேரம் முன்னதாகவே வீட்டுக்குப் போய்விட்டது. இதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. சிறுவாணித் தண்ணீர் குடிக்கிறவன் பொய் சொல்லமாட்டான். எங்கள் வீதிக்கு அது வாரத்தில் ஒரு நாள்தான் வரும். மற்ற ஆறு நாளுக்கு நான் உறுதி சொல்ல முடியாது.

மில் மூடிய பிறகு ஒரு கல்யாண மண்டபத்தின் சமையல்கட்டில் பாய்லருக்கு ஆளானேன். நீராவியில் ஐந்நூறு பேருக்கு இட்லி வேகும், சோறு வேகும். முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் ஊரார் வீட்டுக் கல்யாணச் சாப்பாடு. கடைசிப் பந்தியில் தனியாக உட்காருவேன். பக்கத்து இலை காலியாகக் கிடந்தால், பழக்கதோஷம், "அந்த எலைக்கும் கொஞ்சம் ரசம் ஊத்துங்க" என்று வாய் தானாகச் சொல்லிவிடும். பரிமாறுகிறவன் இலையைப் பார்ப்பான், என்னைப் பார்ப்பான், ஊற்றிவிட்டுப் போவான்.

தொண்ணூற்றாறில், ஆனிக் கடைசியில், மண்டபத்து ஆபீஸுக்குப் போன் வந்தது.

"ஏனுங்க, நாந்தான்."

"தெரியுது. எப்ப வாறே?"

"மீட்டரு ஓடுது, சொல்றதக் கேளுங்க. இங்க ஒரு மாசமா வெயிலக் கண்ணுல பாக்கல. புள்ளைக துணி ஒண்ணுகூடக் காயமாட்டேங்குது. ஈரத்தக் கட்டிக் கட்டி அத்தனைக்கும் சளி. காம்பராவ மூடிப்போட்டுப் புள்ளைகளக் கீழ் டிவிசனுக்குக் கொண்டுபோயிரலாமுன்னு பேசறாங்க. மேனேஜரு பங்களாவுல வெள்ளக்காரன் வெச்ச பாய்லரு ஒண்ணு இருக்குதுங்க. சுடுதண்ணி கொழாயில ஓடி ரூம்பையெல்லாம் கதகதன்னு வெக்குது. அதக் காம்பரா வரைக்கும் இழுக்க ஆள் கெடைக்குமான்னு கேட்டாரு. எங்கூட்டுக்காரரு இழுப்பாருன்னு சொல்லிப்போட்டேன்."

"காம்பராவ மூடிட்டா நீ என்ன பண்ணுவே?"

கொஞ்ச நேரம் மீட்டர் மட்டும் ஓடியது.

"ஊட்டுக்கு வந்துருவேன். வேறென்ன?"

போனை வைத்துவிட்டேன். விஷயம் வெட்டவெளிச்சம். நான் போகாமல் இருந்தால் பெண்டாட்டி வீட்டுக்கு வருகிறாள். போய் வேலையை ஒழுங்காக முடித்தால் அவள் அங்கேயே இருக்கிறாள். எந்தக் கிறுக்கனாவது போவானா? நான் போனேன். ஆடியில் கல்யாணம் கிடையாது, மண்டபம் பூட்டிக் கிடக்கும் என்பது ஒன்று. 'எங்கூட்டுக்காரரு இழுப்பாரு' என்று அவள் ஒரு மேனேஜரிடம் சொல்லிவிட்டாள் என்பது இன்னொன்று.

உக்கடத்தில் ஷேக் பரீத் பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறார். வெல்டிங்கும் அவரே. எனக்கு இருபது வருஷச் சிநேகம். வேண்டியதைச் சொன்னேன். ஏழு குழாயை வரிசையாக நிறுத்தி, மேலே ஒரு குழாய், கீழே ஒரு குழாய் என்று பற்றவைக்க வேண்டும். வேலியைச் சுருக்கி வைத்தது போல இருக்கும். மேலே ஒரு மூலையில் சுடுதண்ணீர் நுழையும், கீழே எதிர் மூலையில் ஆறிய தண்ணீர் வெளியே போகும். அப்படி இரண்டு.

"இதென்னண்ணே, கேட்டா?"

"ரேடியேட்டர்."

"லாரிக்கா?"

"லாரியில இஞ்சினு சூட்ட வெளிய தள்ளறதுக்கு வெச்சிருக்கான். இங்க அந்தச் சூடுதான் வேணுங்கிறாங்க. வேல ஒண்ணுதான்."

ஷேக் பரீத் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "பாவாத்தாக்காவக் கூட்டிட்டு வரத்தான போறீங்க? அதுக்கு எதுக்குண்ணே ரெண்டு மணு எடைக்கு இரும்பு? பூ மார்க்கெட்டுல மொழம் மல்லி வாங்குனாப் போதுமே."

"மல்லிக்குச் சளி நிக்காது பாய்."

"சூடு நல்லா ஏறிட்டா அக்கா ஏன் வருவாங்க?"

நான் குழாய்களை எண்ணி எடுத்து வைத்தேன். அவரும் கண்ணாடியை இறக்கிக்கொண்டு பற்றவைக்க ஆரம்பித்தார். கூலியைக் கேட்டதற்கு, "அக்கா வந்ததும் ஒரு நேரம் சோறு போடச் சொல்லுங்க" என்றார். அவர் போட்ட வெல்டிங் ஒரு சொட்டு ஒழுகாது. அன்றைக்கு மட்டும் கொஞ்சம் ஒழுகினால் தேவலை என்று எனக்கு இருந்தது.

பொள்ளாச்சி தாண்டி, ஆழியாறு தாண்டி, நாற்பது கொண்டை ஊசி வளைவு. பஸ் கூரைமேல் குழாய்கள் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு சத்தம் போட்டன. மேலே மழை பெய்துகொண்டிருந்தது என்று சொன்னால் தப்பு. மழை அங்கே குடியிருந்தது. நடுவே காற்று வந்து போய்க்கொண்டிருந்தது. எஸ்டேட் பாதையில் ஓர் அட்டை என் காலில் ஏறியது. கொஞ்சம் குடித்துப் பார்த்தது. கோயம்புத்தூர் ரத்தம் பிடிக்கவில்லையோ என்னவோ, இறங்கி அடுத்த ஆளுக்குக் காத்திருந்தது.

பாவாத்தாள் காம்பரா வாசலில் நின்றாள். ஆண்பிள்ளை ஸ்வெட்டர் ஒன்றைப் போட்டு, தலையில் துண்டு கட்டி, இடுப்பில் ஒரு பிள்ளை. உள்ளே பதினேழு பிள்ளைகள். நீளமாகக் கயிறு கட்டி ஈரத்துணிகள் தொங்கின. அவற்றின் கீழே பிள்ளைகள் இருமிக்கொண்டு கிடந்தன.

"என்னுங்க இப்படி எளைச்சுப் போய்ட்டீங்க? கல்யாணச் சோறு தின்னு எளைக்கறது நாட்டுல நீங்க ஒருத்தர்தான்."

"நீ மட்டும் என்ன?"

"எனக்கென்ன? நல்லாத்தான் இருக்கேன். இவனப் புடிங்க."

இடுப்புப் பிள்ளையை என்னிடம் நீட்டினாள். கௌதமன் என்று பெயர், எட்டு மாதம். என் ஆள்காட்டி விரலைப் பிடித்தான். அது தன்னுடையது என்று அப்போதே முடிவு செய்துவிட்டான். ஒன்றரை வருஷம் கழித்துப் பார்த்த பெண்டாட்டியிடம் சொல்ல நான் பஸ்ஸில் நாலைந்து வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். கை இரண்டும் பிள்ளையிடம் மாட்டிக்கொண்டதில் அது நின்றுபோனது.

மேனேஜர் சுந்தரராஜுலு மஃப்ளருக்குள்ளிருந்து பேசுகிறவர். நல்ல மனுஷர். பங்களாவின் பின்பக்கம் பள்ளத்தில் இருந்த அடுப்பறைக்குக் கூட்டிப் போனார். வார்ப்பிரும்புப் பாய்லர், விறகு போடும் வாய், மேலே ஒரு தடித்த குழாய், கீழே ஒன்று. மோட்டார் என்று ஒன்றும் கிடையாது. தண்ணீர் சுட்டால் லேசாகும், லேசானது மேலே ஏறும். ஏறி, அறை அறையாகப் போய், அங்கங்கே இருக்கிற இரும்புப் பெட்டிகளில் சூட்டைக் கொடுத்துவிட்டுக் கனத்துப்போய், கீழ்க்குழாய் வழியாகப் பாய்லருக்கே திரும்பி வரும். சுட்டுப் பெருகுகிற தண்ணீர் ஏறி நிற்கப் பரணில் ஒரு திறந்த தொட்டி. அவ்வளவுதான். யாரும் தள்ளாமலே போய், யாரும் கூப்பிடாமலே வீட்டுக்குத் திரும்புகிற தண்ணீர். நான் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வர்ற திங்கக்கெழமை புள்ளைங்களக் கீழ மாத்தறதா ஆபீஸ்ல சொல்லியாச்சு, காளிச்சாமி," என்றார் அவர். "சனிக்கெழமைக்குள்ள காம்பரா சூடாச்சுன்னா நிறுத்திருவேன். இல்லேன்னா எங்கையில ஒண்ணுமில்ல. கீழ ஆயாவும் இருக்கா."

"அப்ப இந்த ஆயா?"

"உங்க வீட்டம்மாவ நீங்களே கூட்டிட்டுப் போக வேண்டியதுதான்."

மூன்று நாள் வேலை. பங்களாவுக்கும் காம்பராவுக்கும் அறுபதடி. நடுவில் ஒரு மதில், அதில் ஒரு கதவு. தேயிலை மூட்டை சுமந்து ஆள் போய்வருகிற வழி. காலில் தட்டவும் கூடாது, தலையில் இடிக்கவும் கூடாது. அதனால் போகிற குழாயைக் கதவு நிலைக்கு மேலே ஏற்றி அந்தப் பக்கம் இறக்கினேன். திரும்புகிற குழாயை மண்ணுக்குள் புதைத்தேன். சூடு வழியில் போய்விடாமல் இரண்டுக்கும் தேங்காய் நாரும் சாக்கும் சுற்றினேன். பாவாத்தாள் அவ்வப்போது காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு ஓடினாள். இராத் தங்கல் எனக்கு டிரைவர்களோடு. அவளுக்கு ராசாத்தாளோடு ஒரே அறை.

புதன்கிழமை மத்தியானம் தண்ணீர் நிரப்பி அடுப்பை மூட்டினேன். பங்களாப் பெட்டிகள் எல்லாம் அரைமணியில் சூடேறின. காம்பராவில் ஷேக் பரீத்தின் இரண்டு பெட்டிகளும் ஐஸ் மாதிரி நின்றன. ஒரு மணி நேரம் ஆயிற்று, இரண்டு மணி ஆயிற்று. குழாயின் சாக்கைப் பிரித்துக் கை வைத்துக்கொண்டே போனேன். கதவு நிலை வரைக்கும் சூடு. நிலைக்கு அந்தப் பக்கம் சில்லென்று இருந்தது.

அந்த இடத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. இருபத்தெட்டு வருஷம் நீராவியோடு குடித்தனம் செய்தவன் செய்கிற தப்பு அது. நீராவியை எந்த மேட்டில் ஏற்றினாலும் அமுக்கத்தில் பாய்ந்து போய்விடும். சுடுதண்ணீர் அப்படியில்லை, அது சாதுவான சாதி. குழாயில் ஒரு முதுகு மாதிரி மேடு வைத்தால் தண்ணீரிலுள்ள காற்றெல்லாம் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். அதைத் தாண்டத் தண்ணீருக்குத் தெம்பு கிடையாது. பரிகாரமும் சின்னதுதான். மேட்டின் உச்சியில் ஒரு துளை போட்டுச் சின்னத் திருகுமூடி வைத்துக் காற்றைத் திறந்துவிட்டால் போதும். மூடி என் பையிலேயே இருந்தது.

நான் சாக்கைத் திரும்பச் சுற்றிவிட்டு இறங்கி வந்தேன்.

"என்ன காளிச்சாமி?" என்றார் மேனேஜர்.

"பாக்கோணுமுங்க. பழைய பாய்லருங்க. என்ன நெனைக்குதுன்னு தெரியல."

அதற்கு மேல் நான் ஒன்றும் செய்யவில்லை. செய்யாமல் இருந்தேன், அவ்வளவுதான். வியாழக்கிழமை முழுக்க விறகைக் கூடப் போட்டேன், குறைத்துப் போட்டேன், ஸ்பானரை வைத்துக்கொண்டு குழாயைத் தட்டித் தட்டிக் காது கொடுத்தேன். பார்க்கிறவர்களுக்குப் பெரிய வைத்தியர் நாடி பார்ப்பது போலத்தான் இருந்திருக்கும். கணக்கு எனக்குள் ஓடியது: சனிக்கிழமை காம்பரா ஆறிக் கிடக்கும், ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் எனக்குப் பக்கத்து சீட்டில் பாவாத்தாள். பொள்ளாச்சியில் இறங்கி அவளுக்கு ஒரு டீ. சாயங்காலம் வீடு. அவள் வந்ததும் முதல் வேலையாக எதைத் திட்டுவாள் என்றுகூட யோசித்து வைத்துவிட்டேன்: அடுப்படிக் கரி.

அவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிள்ளைகளின் தாய்மார் வாசலில் நின்று முணுமுணுத்தபோது அவளே சொன்னாள்: "அவர ஒண்ணுஞ் சொல்லாதீங்க அம்மணி. வெள்ளக்காரன் பாய்லரு, தமிழ்ல சொன்னாக் கேக்கமாட்டேங்குது." வெள்ளிக்கிழமை காலையில் அவளுடைய தகரப்பெட்டி கட்டிலுக்கு அடியிலிருந்து மேலே வந்திருந்தது. சேலைகளை மடித்து உள்ளே வைத்திருந்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும்.

மத்தியானம் காம்பராவுக்குள் போனேன். கௌதமன் இருமலில் கண் பிதுங்கி அழுதுகொண்டிருந்தான். பாவாத்தாள் திரும்பி நின்றபடி ஸ்வெட்டரை மேலே தூக்கி வயிற்றிலிருந்து எதையோ உருவினாள். ஒரு சின்னத் துணி. அதற்கடியில் இன்னொன்று, அதற்கடியில் இன்னொன்று. ஈரத்துணிகளைத் தன் இடுப்பைச் சுற்றிக் கட்டி, மேலே ஸ்வெட்டர் போட்டு, உடம்புச் சூட்டில் காயவைத்துக்கொண்டிருந்தாள். உருவியதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். காய்ந்திருந்தது. அதைக் கௌதமனுக்குக் கட்டிவிட்டு, கயிற்றிலிருந்து ஓர் ஈரத்துணியை எடுத்துப் பிழிந்து தன் வயிற்றில் சுற்றினாள். சில்லென்று பட்டதில் உடம்பு ஒரு தரம் சிலிர்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்வெட்டரை இறக்கினாள்.

அவளுக்கு ஐம்பத்தைந்து வயது.

"எத்தன நாளா இப்படிப் பண்றே?"

திடுக்கிட்டுத் திரும்பினாள். "மழ புடிச்சதுல இருந்துதான். ஒரு நேரத்துக்கு நாலு துணி காயுமுங்க."

நான் ஏணியை எடுத்துக்கொண்டு மதிலுக்குப் போனேன். மழையில் நனைந்துகொண்டே கைத்துளைக் கருவியால் குழாயின் உச்சியில் துளை போட்டு மரை வெட்டினேன். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. குனிந்து பார்த்தபோது பாவாத்தாள் கௌதமனை ஒரு கையிலும் ஏணியை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றாள். மூடியைத் திருகி வைத்துக் கொஞ்சம் திறந்தேன். புஸ்ஸென்று காற்று வந்தது. வந்துகொண்டே இருந்தது. இரண்டு நாளாக நான் அடக்கி வைத்ததெல்லாம் அதில் இருந்தது போல நெடுநேரம் வந்து, கடைசியில் இருமி, என் முகத்தில் சுடுதண்ணீரைத் துப்பியது. மூடினேன். கை வைத்தேன். நிலைக்கு அந்தப் பக்கமும் குழாய் மெல்லச் சுட ஆரம்பித்தது.

காம்பராவில் இரும்புப் பெட்டிகள் டிக், டிக் என்று உடம்பை முறித்தன. பாவாத்தாள் ஒவ்வொரு துணியாகக் கொண்டுவந்து மேலே விரித்தாள். ஆவி கிளம்பியது. கடைசியாகத் தன் இடுப்பிலிருந்ததையும் உருவிப் போட்டாள்.

"இதுக்கா ரெண்டு நாளு?" என்றாள்.

"காத்து எங்க ஒளிஞ்சிருக்குதுன்னு தேடிட்டிருந்தேன்."

"முப்பத்திநாலு வருசமா பாய்லர்காரரோட குடும்பம் பண்றேன். எனக்குக் காத்து தெரியாதுங்களா? பொதன்கெழம நீங்க எறங்கிப் போனப்பறம் நானும் போயிக் கை வெச்சுப் பாத்தேன். கதவு வரைக்கும் சுட்டுச்சு. அந்தப் பக்கம் சில்லுன்னு இருந்துச்சு."

ஸ்பானரைத் துடைத்துப் பைக்குள் போட்டேன்.

"அப்பறம் ஏன் சொல்லல?"

அவள் துணியைத் திருப்பிப் போட்டாள். "நீங்க எதுக்குச் சொல்லலையோ அதுக்குத்தான்."

கௌதமன் அந்த நேரம் பார்த்து என் மடியை நனைத்தான். மாற்றிவிடக் காய்ந்த துணி இருந்தது.

சனிக்கிழமை காலையில் மேனேஜர் வந்தார். காம்பராவுக்குள் நுழைந்ததும் மஃப்ளரை அவிழ்த்தார். அவருடைய கழுத்தை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிள்ளைகளை மாற்றுவதை நிறுத்திவிட்டதாகச் சொன்னார். பிறகு, "ஆனா என் ரூம் நேத்துலேர்ந்து ஆறிப்போச்சேப்பா" என்றார்.

"உங்க ரூம்பு வால்வப் பாதி மூடிட்டேனுங்க. பாய்லரு பழைய பாய்லருதான், பெட்டி ரெண்டு கூடிப்போச்சு. கிட்ட இருக்கறது முழுசாக் குடிச்சுட்டா தூரத்துல இருக்கறதுக்குப் போய்ச் சேராது. கிட்டத்துல கொஞ்சம் மூடுனாத்தான் கடைசிக்குச் சூடு கெடைக்கும்."

"அப்ப நான் குளுர்ல கெடக்கணும்."

"மஃப்ளர் நல்ல மஃப்ளருங்க."

சிரித்தார். "சரி. இனிமே இதை என்ன பண்ணிப் பாத்துக்கணும்?"

அந்த மூடியை எஸ்டேட் ஃபிட்டர் ஒரு திருகு திருகினால் போதும். திறந்த தொட்டி வைத்த சுடுதண்ணீர்க் குழாய் வெடிக்கவும் வெடிக்காது. இதெல்லாம் எனக்குத் தெரியும். பின்னால் நின்ற பாவாத்தாளுக்கும் தெரியும்.

"மாசம் ஒருக்காக் காத்து எடுக்கோணுமுங்க," என்றேன்.

"நம்ம ஃபிட்டர் எடுக்கட்டுமே?"

"எடுக்கலாமுங்க. எங்க மில்லுல புதுசா வந்த ஃபிட்டர் ஒருத்தன் எடுத்தான். காத்தோட அவனும் போய்ட்டான். சட்ட மட்டும் சூலூருல கெடச்சுது."

மேனேஜர் என்னை வெகுநேரம் பார்த்தார். நான் கண்ணைக் கொட்டவில்லை. பின்னால் பாவாத்தாள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு பிள்ளைக்குச் சளி துடைப்பது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"மாசம் ஒருக்கா நீயே வந்துரு," என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை காம்பராவுக்கு லீவு. பாவாத்தாள் குடை பிடித்துக்கொண்டு பஸ் நிற்கிற இடம் வரைக்கும் வந்தாள். குடை ஒன்றுதான், இருவரும் பாதிப் பாதி நனைந்தோம்.

"ஆடி போனா முகூர்த்தம் வந்துருமுங்களே. மண்டபத்த விட்டுட்டு எப்படி வருவீங்க?"

"முகூர்த்தமில்லாத நாளாப் பாத்துத்தான் அங்க காத்து சேரும்."

"ம்க்கும்," என்றாள். பஸ் வந்தது. என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள். அது சரியாகத்தான் இருந்தது. ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்தேன்; பக்கத்து சீட்டில் ஒரு பலாப்பழம் ஏறியது. அவள் குடையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டு, பஸ் திரும்புகிற வரைக்கும் நின்றாள்.

வளைவு வளைவாக இறங்கினோம். மழை குறைந்தது, வெயில் வந்தது, சட்டை காய்ந்தது. ஆழியாறு அணை கண்ணுக்குத் தெரிகிற ஒன்பதாவது வளைவில்தான் எனக்குச் சுருக்கென்று பட்டது. வாரம் ஒருக்கா என்று சொல்லியிருக்கலாம். அந்த மனுஷர் நம்பியிருப்பார்.